டெல் பவர்எட்ஜ் ஆர்720: பழைய சர்வர் வாங்குமுன் அதன் லாக்கைப் படியுங்கள்

இன்டெலின் ஸியான் இ5-2600 வரிசை 2012 மார்ச்சில் வந்தபோது, அதை நம்பி டெல் இறக்கிய 2யூ (ரேக்கில் இரண்டு அடுக்கு உயரம்) ரேக் சர்வர் பவர்எட்ஜ் ஆர்720. இரண்டு சிபியு, 24 ரேம் ஸ்லாட், அறிமுகத்தின்போது அதிகபட்சம் 768 ஜிபி டிடிஆர்3 ரேம். 2013-இல் வந்த வி2 (அடுத்த தலைமுறை) சிபியுக்களையும், பயாஸை (மெஷினை எழுப்பும் அடிப்படை நிரல்) 2-ஆம் பதிப்பு வரிசைக்கு ஏற்றினால் ஏற்றுக்கொள்ளும். கம்பெனிகளும் டேட்டா சென்டர்களும் கழித்துக்கட்டிய இந்த மெஷின்கள் இன்று சென்னை ரிச்சி தெரு, பெங்களூர் எஸ்.பி. ரோடு மாதிரியான இடங்களிலும் ஆன்லைனிலும் செகண்ட் ஹேண்டாகக் கிடைக்கின்றன. செகண்ட் ஹேண்ட் விலைக்கு இத்தனை கோரும் இவ்வளவு ரேமும் புதிதாக எதிலும் வராது.

வேகத்தைப் பற்றிப் பேச இனி ஒன்றும் பாக்கி இல்லை. பத்து வருஷம் தாண்டிய சர்வரில் ஏதாவது ஒன்று போகத்தான் போகிறது. போகும்போது எது போயிற்று என்று மெஷின் தானே சொல்லுமா, சொல்வதை நம்பலாமா என்பதுதான் விஷயம். இந்த அளவுகோலில் ஆர்720-க்கு நல்ல மார்க் போடலாம். பெரும்பாலான பழுதை ஸ்லாட் எண் வரை சுட்டிக்காட்டும். ஆனால் சில இடங்களில் கை நீட்டுவது ஒருவரை, குற்றவாளி வேறொருவர். அந்த இடங்கள் தெரியாமல் வாங்குகிறவர்கள்தான் நல்ல டிஸ்க்கையும் நல்ல ரேமையும் மாற்றி மாற்றிக் காசைக் கரைக்கிறார்கள்.

கடையிலேயே பார்க்க வேண்டியவை

இதில் எச்டிஎம்ஐ கிடையாது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என விஜிஏ மட்டும்தான். விஜிஏ மானிட்டர் இருக்கிறதா என்று கடையில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பவர் கொடுத்த உடனே ஆன் பட்டனை அழுத்த வேண்டாம். உள்ளே இருக்கும் ஐடிராக் என்ற மேலாண்மைச் சிப் முதலில் தனியாக பூட் ஆக வேண்டும், அதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதன் பிறகு ஆன் செய்தாலும் திரையில் ஏதாவது வர நேரமெடுக்கும். டெஸ்க்டாப் பழக்கத்தில் "டெட்" என்று நினைத்து ஒயரைப் பிடுங்கிவிடாதீர்கள்.

முன்பக்க எல்சிடி நீலமாக இருந்தால் நிம்மதி. ஆம்பர் நிறத்தில் எரிந்தால் பிழைக் குறியீடு அதிலேயே ஓடும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது லாக், அதாவது மெஷினில் நடந்தவற்றின் பதிவேடு. இதில் இரண்டு லாக் உண்டு. எஃப்2 அழுத்தி ஐடிராக் செட்டிங்ஸுக்குள் போனால் வருவது சிஸ்டம் ஈவன்ட் லாக். அதை அழிப்பது ஒரு நிமிட வேலை. "லாக் கிளீனா இருக்கு சார்" என்று யாராவது காட்டினால் அது பெரும்பாலும் இதுதான். எஃப்10 அழுத்திப் போகும் லைஃப்சைக்கிள் லாக் அப்படிச் சுலபமாக அழியாது. எப்போது ரேம் எரர் வந்தது, எந்த பவர் சப்ளை எப்போது போனது, எப்போது டிஸ்க் மாற்றினார்கள் என்று தேதியோடு அங்கே கிடக்கும். அது மொத்தமாகக் காலியாக இருந்தால் யாரோ முழுதாகத் துடைத்திருக்கிறார்கள் அல்லது மதர்போர்டு மாறியிருக்கிறது. இரண்டும் குற்றமில்லை, ஆனால் காரணத்தைக் கேளுங்கள். முன்பக்கம் இழுத்தால் வரும் பட்டையில் உள்ள ஏழு எழுத்து சர்வீஸ் டேகும் பயாஸில் காட்டும் டேகும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். டேக் கிடைத்தால் டெல் தளத்தில் போட்டு, பேக்டரியிலிருந்து என்ன உள்ளடக்கத்தோடு வெளியே வந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

தேதி தாறுமாறாக இருந்தால் பயப்பட வேண்டாம், சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்திருக்கிறது. கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும். ஆனால் லாக்கில் உள்ள தேதிகளையும் அதற்கேற்ப சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பவர் சப்ளையின் ஒயரைப் பிடுங்குங்கள். மூச்சுவிடாமல் ஓட வேண்டும். மாட்டிவிட்டு மற்றதைப் பிடுங்குங்கள். இந்தச் சோதனையைச் செய்ய மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

ரேம்: ஸ்லாட்டைக் காட்டுவது, காரணத்தைக் காட்டாதது

முதல் சிபியுவுக்கு ஏ1 முதல் ஏ12 வரை, இரண்டாவதுக்கு பி1 முதல் பி12 வரை. ஒவ்வொரு சிபியுவுக்கும் நான்கு சேனல் (ரேமோடு பேசும் பாதை), சேனலுக்கு மூன்று ஸ்லாட். ஏ1, ஏ5, ஏ9 மூன்றும் ஒரே சேனல்; ஏ2, ஏ6, ஏ10 அடுத்தது; இப்படியே போகும். ஸ்லாட்டின் கிளிப் வெள்ளையாக இருந்தால் சேனலின் முதல் இடம், கறுப்பு இரண்டாவது, பச்சை மூன்றாவது. வெள்ளையை முழுவதும் நிரப்பிய பிறகே கறுப்புக்குப் போக வேண்டும். ரிஜிஸ்டர் உள்ள ஆர்டிஐஎம்எம், சுமை குறைக்கும் எல்ஆர்டிஐஎம்எம், இசிசி (சிறு பிழையைத் தானே திருத்தும் வசதி) உள்ள யுடிஐஎம்எம் என்ற மூன்று ரேம் வகையும் இதில் ஓடும், ஆனால் ஒன்றோடொன்று கலக்க முடியாது. டெஸ்க்டாப் டிடிஆர்3 ரேம் இதில் வேலை செய்யாது. சேனலுக்கு மூன்று ரேம் குச்சி போட்டால் கொள்ளளவு கூடும், வேகம் இறங்கும். 24 ஸ்லாட்டையும் நிரப்பித்தான் தீர வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டு, 16 ஜிபி குச்சிகளாக வெள்ளை ஸ்லாட் எட்டில் 128 ஜிபி போடுவதே பெரும்பாலோருக்குப் போதும்.

எரர் வரும்போது லாக்கில் எம்இஎம்0701, எம்இஎம்0702 என்று பதிவாகும். சரிசெய்யக்கூடிய பிழைகள் வரம்பைத் தாண்டிவிட்டன என்று அர்த்தம். முதலாவது எச்சரிக்கை, இரண்டாவது அபாயம். எம்இஎம்0001 வந்தால் பல பிட் பிழை, அதை இசிசியால் சரிசெய்ய முடியாது. சிஸ்டம் நின்றுபோகவும் கூடும். எந்தப் பதிவானாலும் பக்கத்திலேயே "டிஐஎம்எம் பி3" என்பது போல் ஸ்லாட் எண் இருக்கும்.

இங்கேதான் முதல் ஏமாற்று. லாக் சொல்வது பிழை தென்பட்ட இடத்தை. பிழைக்குக் காரணமான பொருளை அல்ல. பி3-இல் எரர் என்றால் உடனே புது ரேம் வாங்காதீர்கள். மெஷினை அணைத்து, இரண்டு ஒயரையும் கழற்றி, பி3-இல் உள்ள குச்சியையும் பி2-இல் உள்ளதையும் இடம் மாற்றிப் போடுங்கள். மாற்றும்போதே தங்க முனைகளை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சில்லாத துணியால் துடையுங்கள். ஸ்லாட்டுக்குள் காற்று அடித்து ஊதுங்கள், வாயால் ஊதக்கூடாது, எச்சில் ஈரம் போகும். கடலோர ஊர்களில் ஏசி இல்லாத அறையில் வருஷக்கணக்கில் இருந்த மெஷின்களில் இந்தத் துடைப்பிலேயே பாதிப் பிரச்சினை போய்விடுவது உண்டு.

பிறகு லாக்கை அழித்துவிட்டு ஓடவிடுங்கள். எரர் பி2-க்கு வந்தால் குச்சிதான் குற்றவாளி, மாற்றுங்கள். பி3-இலேயே நின்றால் குச்சி சுத்தம். ஸ்லாட்டோ, அதற்குப் பின்னால் இருக்கும் சிபியுவோ பழுது. அடுத்த படி, இரண்டு சிபியுவையும் இடம் மாற்றுவது. எரர் ஏ3-க்குத் தாவினால் அந்தச் சிபியுவுக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் போயிருக்கிறது. தாவவில்லையென்றால் மதர்போர்டு.

சிபியுவைத் தூக்கியதும் சாக்கெட்டைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். எல்ஜிஏ2011 சாக்கெட்டில் முள்கள் இருப்பது போர்டில், சிபியுவில் அல்ல. நேராகப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். மொபைல் டார்ச்சை ஓரத்தில் கிடைமட்டமாகப் பிடித்தால் வரிசையில் ஒரு புள்ளி மட்டும் மின்னாமல் இருக்கும், அதுதான் வளைந்த முள். ஒரு முள் வளைந்தாலே ஒரு சேனல் முழுவதும் காணாமல் போகலாம். 128 ஜிபி போட்டால் 96 ஜிபி, 112 ஜிபி என்று குறைத்துக் காட்டுவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். செகண்ட் ஹேண்ட் மெஷினில் யாராவது வி1 சிபியுவைக் கழற்றி வி2 போட்டிருந்தால் இந்தச் சந்தேகம் கட்டாயம் வர வேண்டும். மெல்லிய ஊசியாலும் பூதக்கண்ணாடியாலும் நிமிர்த்தலாம், ஆனால் அது பொறுமைக்காரர் வேலை. ஹீட் சிங்க்கைத் திரும்ப மாட்டும்போது பழைய காய்ந்த பேஸ்ட்டை முழுவதும் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்து, நான்கு ஸ்குரூவையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் பேஸ்ட் சமமாகப் பரவாது.

இன்னொன்று. மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனை நிரலை ஓட்டி "பாஸ்" வந்தது என்று நிம்மதி அடைய முடியாது. ஒரு பிட் பிழையை இசிசி ஓசையில்லாமல் திருத்திவிடுவதால் சோதனை நிரல் அதைக் காணாமலே போகக்கூடும். சோதனையை ஓட்டுவது ரேமுக்குச் சுமை கொடுக்கத்தான். முடிவைப் பார்க்க வேண்டியது லாக்கில். லினக்ஸில் பிழைகளை எண்ணிப் பதியும் எடாக் கணக்குகளும் ராஸ்டீமனும் இதே வேலையைச் செய்யும்.

ரெய்டு கார்டு: அதிகம் பொய் சொல்லும் இடம்

ரெய்டு என்பது பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறை. அதை நடத்தும் கார்டுக்கு டெல் வைத்த பெயர் பெர்க். ஆர்720-இல் பெரும்பாலும் வருவது பெர்க் எச்310, எச்710, எச்710பி. எச்310-இல் கேஷ் (எழுத வருவதைத் தற்காலிகமாகத் தாங்கும் வேக நினைவகம்) கிடையாது, ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் மற்றவற்றிலிருந்து கணக்குப் போட்டு மீட்கும் வகை) போட்டால் எழுதும் வேகம் அழ வைக்கும். எச்710-இல் 512 எம்பி, எச்710பி-இல் 1 ஜிபி கேஷ். மின்சாரம் திடீரென்று போனால் அந்தக் கேஷில் உள்ளதை ஃப்ளாஷுக்கு மாற்றிவிடுவதற்காக ஒரு லித்தியம் பேட்டரி ஒட்டியிருக்கும்.

அந்தப் பேட்டரிதான் இந்த மெஷினில் கேள்வியே இல்லாமல் போகும் பாகம். போனால் என்ன நடக்கும்? கன்ட்ரோலர் (ரெய்டு கார்டு) தானாகவே ரைட்-பேக்கிலிருந்து (கேஷில் வந்ததுமே "முடிந்தது" என்று சொல்வது) ரைட்-த்ரூவுக்கு இறங்கும். எழுதும் ஒவ்வொரு தகவலும் டிஸ்க்கைத் தொட்ட பிறகே "முடிந்தது" என்று சொல்லும். டேட்டாபேஸ் திடீரென்று நொண்டும். ஆள்கள் டிஸ்க்கைச் சந்தேகிப்பார்கள், நெட்வொர்க்கைச் சந்தேகிப்பார்கள், வைரஸைக்கூடச் சந்தேகிப்பார்கள். பூட் ஆகும்போது கன்ட்ரோல்-ஆர் அழுத்தி உள்ளே போய்ப் பேட்டரி நிலையையும் இப்போதைய எழுதும் கொள்கையையும் பாருங்கள். "எப்போதும் ரைட்-பேக், பேட்டரி இல்லாவிட்டாலும்" என்று ஒரு தேர்வு இருக்கிறது. வேகம் உடனே திரும்பிவிடும், அதைத் தொடாதீர்கள். அடுத்த பவர் கட்டில் கேஷில் இருந்தது அனைத்தும் போகும், கூடவே ஃபைல் சிஸ்டமும் போகலாம். புதிய பேட்டரி போடுங்கள். வாங்கும்போது அது எப்போது செய்யப்பட்டது என்று பாருங்கள். பத்து வருஷமாக அலமாரியில் கிடந்த "புது" பேட்டரியும் கிட்டத்தட்டப் பழையதுதான். உப்பியிருந்தால் தொடவே வேண்டாம்.

டிஸ்க் விளக்குகள் நல்ல மொழி பேசும். நிலையான பச்சை என்றால் நலம். விநாடிக்கு நான்கு முறை ஆம்பர் அடித்தால் டிஸ்க் போயிற்று. பச்சை, ஆம்பர், அணைவு என்று மாறி மாறி வந்தால் போகப்போகிறது என்று முன்கூட்டிய அறிவிப்பு. மெதுவாகப் பச்சை மினுக்கினால் ரீபில்டு (புது டிஸ்க்கில் டேட்டாவைத் திரும்பக் கட்டுவது) நடக்கிறது. மூன்று விநாடி பச்சை, மூன்று விநாடி ஆம்பர், ஆறு விநாடி அணைவு வந்தால் ரீபில்டு பாதியில் நின்றுவிட்டது.

ஒரு டிஸ்க் போனால் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். ஒரே நேரத்தில் மூன்று டிஸ்க் போனால் டிஸ்க்கைச் சந்தேகிக்கக்கூடாது. பேக்பிளேனுக்கு (டிஸ்க்குகள் சொருகும் பலகை) போகும் எஸ்ஏஎஸ் ஒயர், பேக்பிளேன், இடத்தைவிட்டு நகர்ந்த மினி பெர்க் கார்டு ஆகியவற்றை முதலில் பாருங்கள். லாரியில் வந்த மெஷினில் இது சகஜம். ஒயரைக் கழற்றி மாட்டிவிட்டு பூட் செய்தால் "ஃபாரின் கான்ஃபிகரேஷன்" (கார்டுக்குத் தெரியாத ரெய்டு அமைப்பு டிஸ்க்குகளில்) இருக்கிறது என்று கேட்கும். அங்கே இம்போர்ட், கிளியர் என்று இரண்டு வழி. கிளியர் அழுத்தினால் டிஸ்க்குகளில் இருந்த ரெய்டு விவரம் போய்விடும். எல்லா டிஸ்க்கும் இருக்கின்றன என்று உறுதியான பிறகு இம்போர்ட் அழுத்துங்கள். "பாதுகாக்கப்பட்ட கேஷ்" இருக்கிறது, தூக்கி எறியட்டுமா என்று கேட்டாலும் சட்டென்று ஆமாம் சொல்லாதீர்கள். காணாமல் போன டிஸ்க் திரும்பி வந்தால் அந்தக் கேஷ்தான் கடைசியாக எழுதியதைக் காப்பாற்றும்.

இனி மிக மோசமான பொய். ரெய்டு 5-இல் 2-ஆம் எண் டிஸ்க் மட்டும் போகிறது. புது டிஸ்க் போட்டு ரீபில்டு ஓடுகிறது. பாதியில் நான்காவது டிஸ்க்கில் ஒரு செக்டர் படிக்க முடியவில்லை. அந்த ஒரு கோட்டுக்கு மட்டும் கணக்குப் போடத் தேவையான தகவல் இரண்டு டிஸ்க்கில் இல்லை. கன்ட்ரோலர் மொத்த ரீபில்டையும் கைவிடாமல், அந்த இடத்தைக் கெட்டதாகக் குறித்துவிட்டு மேலே போகிறது. டெல் இதற்கு வைத்த பெயர் பங்க்சர். ரீபில்டு முடிந்ததும் வர்ச்சுவல் டிஸ்க் (ரெய்டு மொத்தமாக ஒரே டிஸ்க் போலக் காட்டுவது) "ஆப்டிமல்", எல்லா விளக்கும் பச்சை. ஆனால் அந்த இடத்தைத் தொடும்போதெல்லாம் மீடியா எரர் வரும். நான்காவது டிஸ்க்கை மாற்றுவார்கள், மறுபடியும் வரும். இரண்டாவதை மாற்றுவார்கள், மறுபடியும் வரும். ஓட்டை இருப்பது டிஸ்க்கில் அல்ல, ரெய்டு அமைப்புக்குள். ஒவ்வொரு ரீபில்டும் அதைப் புது டிஸ்க்குக்கு அப்படியே பிரதி எடுக்கிறது. டிஸ்க் மாற்றி இதற்கு முடிவு வராது. படிக்க முடிந்ததை பேக்கப் எடுத்து, வர்ச்சுவல் டிஸ்க்கை அழித்து, புதிதாக உருவாக்கி, வேகமான இனிஷியலைஸ் அல்லாமல் முழு இனிஷியலைஸ் ஓட்டி, கன்சிஸ்டன்சி செக் (டிஸ்க்குகளில் உள்ளவை ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்ற சோதனை) முடித்து, அதன் பிறகே டேட்டாவைத் திரும்பக் கொட்ட வேண்டும்.

வராமல் தடுக்க பேட்ரோல் ரீடை ஆன் செய்து வையுங்கள். யாரும் தொடாத மூலைகளிலும் படித்துப் பார்த்து, கெட்ட செக்டரை மற்ற டிஸ்க்குகள் நலமாக இருக்கும்போதே திருத்திவிடும். மாதத்துக்கு ஒரு முறை கன்சிஸ்டன்சி செக் ஓட்டுங்கள். பெரிய சேட்டா டிஸ்க்குகளில் ரெய்டு 5 போடவே வேண்டாம். 4 டிபி டிஸ்க்கை விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் விடாமல் எழுதினாலும் ரீபில்டுக்குப் பதினோரு மணி நேரம் ஆகும். சர்வர் வேறு வேலையும் பார்த்தால் அதற்கும் மேல். அதுவரை மற்ற பழைய டிஸ்க்குகள் ஓரம் முதல் ஓரம் வரை படிக்கப்படுகின்றன. அடுத்த டிஸ்க் படுப்பதற்கு அதைவிட ஏற்ற நேரம் கிடையாது. ரெய்டு 10 அல்லது 6.

டெஸ்க்டாப் டிஸ்க் போட்டு மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு: சர்வர் டிஸ்க் ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் சில விநாடிகளில் கைவிட்டு கன்ட்ரோலருக்குச் சொல்லிவிடும், மீதியை ரெய்டு பார்த்துக்கொள்ளும். டெஸ்க்டாப் டிஸ்க் தனக்கு வேறு துணை இல்லை என்று நினைத்து நெடுநேரம் போராடும். கன்ட்ரோலர் அதைச் செத்ததாக எண்ணி வெளியே தள்ளிவிடும். தனியாக எடுத்துச் சோதித்தால் டிஸ்க் நன்றாகவே இருக்கும், குழப்பம் மட்டும் மிஞ்சும்.

ரெய்டுக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தையும் (டிஸ்க் தன் நலம் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு) படிக்கலாம். ஸ்மார்ட்சிடிஎல் கருவியில் மெகாரெய்டு வகை என்றும் டிஸ்க் எண்ணையும் குறிப்பிட வேண்டும். சேட்டா டிஸ்க்கில் 5, 197, 198 எண்கள் ஏறினால் தட்டுதான் தேய்கிறது. 199 மட்டும் ஏறினால் டிஸ்க் நலம், ஒயரோ பேக்பிளேனோ மோசம். எஸ்ஏஎஸ் டிஸ்க்கில் இந்த எண்கள் வராது. அங்கே பயன்பாட்டில் பிறகு சேர்ந்த குறைகளின் பட்டியலையும் திருத்த முடியாத பிழைகளையும் பார்க்க வேண்டும்.

ஐடிராக்: இந்த மெஷினின் பலவீனம்

தூரத்திலிருந்தே ஆன் செய்ய, திரையைப் பார்க்க, லாக் படிக்க உதவும் ஐடிராக்7 நல்ல வசதி. ஆனால் அதன் ஃபர்ம்வேரும் (சிப்பை இயக்கும் நிரல்) லைஃப்சைக்கிள் கன்ட்ரோலரும் மதர்போர்டிலேயே சோல்டர் செய்த ஃப்ளாஷ் சிப்பில் இருக்கின்றன. அந்தச் சிப் தேய்ந்தாலோ, ஃபர்ம்வேர் ஏற்றும்போது கரன்ட் போனாலோ அடையாளம் தெளிவு: ஆறு ஃபேனும் முழு வேகத்தில் அலறும், ஐடிராக்கோடு பேச முடியவில்லை என்ற செய்தியோடு பூட் நிற்கும், எஃப்1 கேட்கும். வெப்பத்தைக் கண்காணிக்க ஆள் இல்லாததால்தான் ஃபேன் அலறுகிறது. ஃபேனை மாற்றிப் பயனில்லை.

முதலில், முன்பக்கம் "ஐ" என்று போட்ட அடையாளப் பட்டனைப் பதினைந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். ஐடிராக் மட்டும் ரீசெட் ஆகும், ஓடும் சிஸ்டம் நிற்காது. சரியாகவில்லை என்றால் மெஷினை அணைத்து, இரண்டு பவர் ஒயரையும் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்தி மிச்சமிருக்கும் மின்னூட்டத்தை வடித்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். ஆச்சரியப்படும் அளவுக்கு இதிலேயே பல மெஷின் எழுந்துவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் ஐடிராக் ஃபர்ம்வேர் கோப்பை எஃப்ஏடி முறையில் ஃபார்மேட் செய்த எஸ்டி கார்டில் போட்டு விஃப்ளாஷ் ஸ்லாட்டில் சொருகி மீட்டெடுக்கும் வழி இருக்கிறது. அதற்குப் பிறகும் இல்லை என்றால் மதர்போர்டுதான். வேறு எந்தப் பழுதுக்கும் சில ஆயிரத்தில் பாகம் கிடைக்கும்; இதற்கு மட்டும் மெஷின் விலையில் பெரும்பங்கு போகும். ஆகவே ஐடிராக் சரியாக பூட் ஆகாத ஆர்720-ஐ எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் உதிரிபாகத்துக்காக மட்டுமே வாங்குங்கள்.

நல்ல நிலையில் கிடைத்தால் முதல் வேலை பாஸ்வேர்டு மாற்றுவது. பேக்டரி பயனர் ரூட், பாஸ்வேர்டு கால்வின் என்பது உலகுக்கே தெரியும். அடுத்து ஃபர்ம்வேர் 2.65.65.65-க்கு ஏற்றுங்கள். பழைய பதிப்பில் திரையைப் பார்க்க ஜாவா வேண்டும், இன்றைய பிரவுசர்கள் அதை ஏற்பதில்லை. புதியதில் எச்டிஎம்எல்5 போதும். மிகப் பழைய 1-ஆம் வரிசையில் இருந்தால் ஒரே தாவாகத் தாவாமல் இடைப்பட்ட பதிப்புகள் வழியாகப் படிப்படியாக ஏற்றுங்கள், யுபிஎஸ் இருக்கும்போது மட்டும்.

பவர், ஃபேன், அப்புறம் அந்த ஐஇஆர்ஆர்

பவர் சப்ளை 495, 750, 1100 வாட் என வரும். இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும். வாட் ஒன்றாக இருந்தாலும் வகை மாறினால் பொருந்தாது என்று பச்சையாக மினுக்கும். ஆம்பர் மினுக்கினால் பழுது. பழுது என்று முடிவுகட்டும் முன் இரண்டையும் இடம் மாற்றுங்கள், ஒயரையும் மாற்றிப் பாருங்கள்.

நம் ஊரில் பவர் சப்ளை அடிக்கடி போகிறதென்றால் சுவரைப் பாருங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பத்து, பதினைந்து காட்டினால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், டெல்லை அல்ல. வீட்டு கம்ப்யூட்டருக்கு விற்கும் மலிவு யுபிஎஸ் படிக்கட்டு அலை கொடுக்கும். ஆக்டிவ் பிஎஃப்சி (மின்திறனைச் சீராக்கும் சுற்று) உள்ள இந்த சப்ளைகள் அதில் மாறும் கணத்தில் அணைந்துபோகலாம். சுத்தமான சைன் வேவ் யுபிஎஸ் கட்டாயம்.

ஃபேன் சத்தம் கூடியிருந்தால் நான்கு காரணம்தான் பெரும்பாலும். உள்ளே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் காற்றுமூடி இல்லை. காலி டிஸ்க் இடங்களில் மூடி இல்லை. டெல் அல்லாத பிசிஐஇ கார்டு (கூடுதல் வசதிக்குச் சொருகும் கார்டு) போட்டிருக்கிறீர்கள், அதன் வெப்பம் தெரியாததால் பாதுகாப்புக்காக வேகம் ஏற்றியிருக்கிறது. அல்லது அறையே சூடு. இயங்கும் வரம்பு 10 முதல் 35 டிகிரி. ஏசி இல்லாத மொட்டைமாடி அறையில் மே மாதம் இதற்கு ஏற்றது அல்ல.

சிபியு0000, அதாவது ஐஇஆர்ஆர் (சிபியு உள்பிழை) என்று லாக்கில் வந்தால் "சிபியு போச்சு" என்று தோன்றும். பெரும்பாலும் சிபியு போகவில்லை. சிபியு கடைசியாக அழுதது என்றுதான் அதற்கு அர்த்தம். அழ வைத்தது பிசிஐஇ கார்டாகவும், ரேமாகவும், பழைய பயாஸாகவும், பவராகவும் இருக்கலாம். அதற்கு முன்னால் பத்து நிமிடத்துக்குள் என்ன பதிவாகியிருக்கிறது என்று படியுங்கள். பிசிஐ1318 இருந்தால் அந்தப் பஸ் எண்ணில் உள்ள கார்டைக் கழற்றுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் குறைந்தபட்ச அமைப்புக்கு இறங்குங்கள்: முதல் சிபியு மட்டும், ஏ1-இல் ஒரே ஒரு ரேம், ஒரு பவர் சப்ளை, ரைசர் கார்டுகள் (பிசிஐஇ கார்டுகளைத் தாங்கும் பலகைகள்) எதுவும் இல்லை. பூட் ஆனால் ஒவ்வொன்றாகச் சேருங்கள், ஒரு தடவைக்கு ஒன்று. இரண்டு பொருளை ஒன்றாகச் சேர்த்துவிட்டு எது காரணம் என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. இரண்டாவது சிபியுவைக் கழற்றினால் சில பிசிஐஇ ஸ்லாட்களும் கூடவே செத்துவிடும், அதைப் புதுப் பழுது என்று எண்ணிவிடாதீர்கள்.

யாருக்கு, யாருக்கு வேண்டாம்

விர்ச்சுவல் மெஷின் பழக, சோதனை ஆய்வகம் வைக்க, ரேம் அதிகம் கேட்கும் ஆனால் எப்போதும் ஓடத் தேவையில்லாத வேலைகளுக்கு நல்ல கொள்முதல். 24 மணி நேரமும் ஓட்டப்போகிறவர்கள் கரன்ட் கணக்குப் போடுங்கள்: சராசரியாக 150 வாட் இழுத்தாலே மாதம் 108 யூனிட். சின்ன ஃபைல் சர்வருக்கு இது வீண், புதிய மினி பிசி போதும். ஒரே சர்வரை நம்பி கணக்கு வழக்கு ஓட்டும் கடைக்கும் இது வேண்டாம், இரண்டாவது ஒன்றை உதிரிபாகத்துக்கு வாங்கி வைத்தாலொழிய.

மென்பொருள் பக்கமும் கதவு மூடிக்கொண்டு வருகிறது. வி1, வி2 இரண்டு சிபியுவிலும் ஏவிஎக்ஸ் (கணக்கை வேகப்படுத்தும் கட்டளைத் தொகுப்பு) உண்டு, ஏவிஎக்ஸ்2 கிடையாது. அதனால் ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 10 இதில் ஓடாது; 9 ஓடும். என்விஎம்இ டிஸ்க்கை அடாப்டரில் போட்டு டேட்டாவுக்குப் பயன்படுத்தலாம், நேராக அதிலிருந்து பூட் ஆகாது. பூட்டுக்கு உள்ளே இருக்கும் இரட்டை எஸ்டி கார்டு மாட்யூலை நம்ப வேண்டாம், சின்ன சேட்டா எஸ்எஸ்டி இரண்டை ரெய்டு 1-இல் போடுங்கள்.

வாங்கினால் கூடவே வாங்க வேண்டியவை: பெர்க் பேட்டரி ஒன்று, அதே வகை பவர் சப்ளை ஒன்று, ஃபேன் ஒன்று, அதே கொள்ளளவு டிஸ்க் இரண்டு, ரேம் குச்சி ஒன்று, சிஆர்2032 இரண்டு. மதர்போர்டை இப்போதே வாங்கி வைக்கத் தேவையில்லை. அது வேண்டியிருக்கும் நாளில் முழு மெஷினாகவே வாங்குவது மலிவு.